மிச்சம் வைத்த மாத்திரை

என் அப்பாவின் காலுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைக் கோழி தின்றுகொண்டிருந்தது.

செஞ்சியில் பஸ் ஏறி, அனந்தபுரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் அடுத்தவர் மடியில் உட்காராத குறையாக எங்கள் ஊருக்கு வந்து, வேலிப் படலைத் திறந்தபோது நான் கண்ட காட்சி அது. நைனா வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வலது பாதத்தில் கட்டு. கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, மடியில் பெட்டைக்கோழி ஒன்றை அமுக்கிப் பிடித்து, சோற்று உருண்டையை அதன் அலகுக்குள் திணித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தரையில் சிவப்பும் மஞ்சளுமாகக் காலி கேப்சூல் ஓடுகள் கிடந்தன.

பிரித்த கேப்சூலுக்கு ஒரு நாற்றம் உண்டு. கெட்டுப்போன முட்டையும் டெட்டாலும் கலந்த மாதிரி இருக்கும். நாள் முழுக்க மருந்துக்கடையில் நிற்கிறவளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

“இன்னா நைனா பண்ற?” என்றேன்.

“கழிச்சல் பாப்பா. காலைலேர்ந்து தல தொங்கிப்போச்சி. அதான்.”

“அது உன் மாத்திரை.”

“எனக்குத்தான் வலி வுட்டுப்போச்சே. வீணாத்தான போவுது.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி கடுகளவும் இல்லை. நல்ல காரியம் செய்கிற நிம்மதிதான் இருந்தது. நான் தோளில் இருந்த பையைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கோழி பிழைத்த கொடுமை

போன வாரம் நான் கடை ஆரம்பித்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார். வீட்டிலேயே மருந்தாளுநர் இருந்தால் குடும்பத்துக்கு எவ்வளவு வசதி, இல்லையா என்று. அம்மா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். அந்த வசதியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன்.

நைனாவின் காலில் ஏறியது ஒரு வேலிகாத்தான் முள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லையில் செருப்பில்லாமல் நடந்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, அதனால் முள் ஏறியதே உடனே தெரியவில்லை. தெரிந்தபோது பாதம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. செஞ்சிக்கு அழைத்துவந்து டாக்டரிடம் காட்டி, சீழை எடுத்துக் கட்டுப் போட்டு, ஆன்டிபயாடிக் கேப்சூல் எழுதி வாங்கி, என் கடையிலிருந்தே முழு கோர்ஸையும் கொடுத்து அனுப்பினேன். ஒரு வேளை விடாமல் தீரும்வரை போட வேண்டும் என்று சொன்னேன். தலையாட்டினார். எங்கள் ஊரில் தலையாட்டினால் நீ சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

வீக்கம் வடிந்ததும் நிறுத்திவிட்டார். நைனாவின் கணக்கில் மருந்து என்பது வலிக்கு. வலி போனால் மருந்துக்கு அங்கே வேலை இல்லை. மிச்சம் இருப்பது வேறு யாருக்காவது போக வேண்டும்.

அப்படித்தான் போயிருந்தது. எதிர்வீட்டுக் கோதண்டம் மாமாவின் பல்வலிக்குக் கொஞ்சம், சினை ஆட்டுக்குக் கொஞ்சம், கடைசியாக இந்தக் கோழிக்கு. போதாததற்குத் தன் புண்ணின் மேலேயே ஒரு கேப்சூலைப் பிரித்துத் தூவிவிட்டு அதன்மேல் கட்டைக் கட்டியிருந்தார். உள்ளே போக வேண்டிய மருந்தைக் கோலப்பொடி மாதிரி தூவினால் என்ன ஆகும் என்று எத்தனையோ பேரிடம் கடையில் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன். அப்படித் தூவுகிறவர்களில் என் நைனாவும் ஒருவர் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சரி, இத்தோடு போனால் பரவாயில்லை. அந்தக் கோழி பிழைத்துக்கொண்டது.

அது செத்திருந்தால் எனக்கு ஒரு வாதம் கிடைத்திருக்கும். மறுநாளே எழுந்து குப்பையைக் கிளற ஆரம்பித்துவிட்டது. நைனாவுக்குத் தெருவில் மதிப்பு ஏறிவிட்டது.

பிஸ்கட் டப்பா

அன்றைக்குத்தான் அந்த டப்பாவையும் கண்டுபிடித்தேன். சாமி படத்துக்குக் கீழே, தகர பிஸ்கட் டப்பா. திறந்தால் உள்ளே ஒரு சின்ன மெடிக்கல் ஷாப். பாதி தின்ற அட்டைகள், கத்தரித்த துண்டுகள், பெயர் கிழிந்துபோன கேப்சூல்கள், எந்தக் காலத்துச் சிரப்போ ஒன்று. எல்லாம் தெருக்காரர்கள் வீட்டு மிச்சம். யாருக்கு உடம்பு சரியாகி மாத்திரை மீந்தாலும் நைனாவிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் நைனாவிடம் வந்து வாங்கிப் போவார்கள்.

ஏன் நைனாவிடம்? மகள் செஞ்சியில் மெடிக்கல் வைத்திருக்கிறாள் அல்லவா. மகள் படித்த படிப்பு அப்பாவுக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கும் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. நைனாவும் மறுக்கவில்லை.

அவர் வைத்தியம் வண்ணத்தை வைத்து. சிவப்பும் மஞ்சளும் புண்ணுக்கு. பச்சை வயிற்றுக்கு. பெரிய வெள்ளை காய்ச்சலுக்கு, சின்ன வெள்ளை தலைவலிக்கு. ஒரே வண்ணத்தில் ஊரில் எத்தனை கம்பெனி எத்தனை மாத்திரை செய்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். ஒருத்தருக்கும் கெடுதல் வந்ததில்லை என்றார். வந்திருந்தாலும் அது மாத்திரையால் வந்தது என்று யாருக்குத் தெரியப்போகிறது?

டப்பாவை அப்படியே பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன். தெருமுனையில் கோதண்டம் மாமா என்னை நிறுத்தி, அந்தப் பல்வலி மாத்திரை இன்னும் இரண்டு இருக்குமா என்று கேட்டார். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

ஒரு செட்டு குடு

நைனாவை மட்டும் சொல்லி என்ன? என் கடைக்கு வந்து பாருங்கள்.

வெள்ளிக்கிழமை சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிறவர், கோர்ட்டுக்கு வந்தவர், கோட்டை பார்க்க வந்து வெயிலில் ஏறி இறங்கித் தலை சுற்றியவர், எல்லோரும் கேட்பது ஒன்றுதான். ஒரு செட்டு. செட்டு என்றால் காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, வயிறு கெடாமல் இருக்க ஒன்று, இவற்றோடு கட்டாயம் ஒரு கேப்சூல், எல்லாவற்றையும் காகிதத்தில் மடித்து ஒரு வேளைக்குக் கொடுப்பது. கேப்சூல் இல்லாத செட்டை யாரும் செட்டாக மதிப்பதில்லை. காகிதத்தைப் பிரித்துப் பார்த்து, வண்ணமாக எதுவும் இல்லை என்றால் முகம் சுருங்கிவிடும்.

சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது, அதை இந்தக் கேப்சூல் ஒன்றும் செய்யாது, இது பாக்டீரியாவைக் கொல்லத்தான், அதுவும் டாக்டர் பார்த்து எழுதினால்தான் என்று நான் விளக்குவேன். பொறுமையாகக் கேட்பார்கள். கேட்டுவிட்டு, “நீ இன்னாக்கா, கடைய வச்சிக்கினு மருந்து குடுக்க மாட்டேன்ற” என்று சொல்லிவிட்டு நாலு கடை தள்ளிப் போய் வாங்கிக்கொள்வார்கள். திரும்பிப் போகும்போது அந்தக் காகிதத்தை என் கண்ணில் படும்படி பிடித்துக்கொண்டு போன ஆட்களும் உண்டு.

டாக்டர் சீட்டோடு வருகிறவர்கள் வேறு ரகம். முழு கோர்ஸ் எழுதியிருக்கும். இரண்டு நாளைக்கு மட்டும் குடு, கேட்டால் மீதி வாங்கிக்கிறேன் என்பார்கள். கேட்கும். அப்புறம் ஏன் வரப்போகிறார்கள்? கிருமியில் பாதி செத்து, பிழைத்த பாதி தேறிக்கொள்ளும். அடுத்த தடவை அதே மருந்தைப் போட்டால் அது அசையாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. என் வீட்டுக்காரர், இதை ஒரு தடவை செல்போனில் பதிவு செய்துவைத்துக்கொண்டு ஆள் வரும்போதெல்லாம் போட்டுவிடு என்கிறார்.

சட்டைப் பை

நைனா எதையும் முழுதாகத் தின்று நான் பார்த்ததில்லை.

நான் சின்னவளாக இருந்தபோது அவரும் வெள்ளிக்கிழமைகளில் செஞ்சி சந்தைக்கு வருவார். பசிக்கு ஒரு போண்டா வாங்குவார். பாதியைத் தின்றுவிட்டு மறு பாதியைச் செய்தித்தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து எடுத்து என் கையில் வைப்பார். போண்டா நசுங்கி, தாளின் அச்சு எழுத்து அதன்மேல் ஒட்டியிருக்கும். பீடி வாசனையும் வியர்வை வாசனையும் சேர்ந்து அடிக்கும்.

எனக்கு அது பிடிக்காது. நிஜமாகவே பிடிக்காது. முழுசாக ஒன்று வாங்கித் தந்தால் என்ன என்றுதான் தோன்றும். அம்மாவுக்கோ சட்டைப் பையின் எண்ணெய்க் கறையைப் போக்குவதே பாடாக இருந்தது. முழுசாகத் தின்றுவிட்டு வந்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று துவைக்கும்போதெல்லாம் முணுமுணுப்பாள்.

கல்யாண வீட்டில் லட்டு வைத்தால் அது பைக்குப் போகும். கோயிலில் சுண்டல் கொடுத்தால் பாதி பைக்குப் போகும். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, நான் செஞ்சியில் குடும்பமாகிவிட்ட பிறகு, பாதியைக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லாமல் போனது. அப்போதுதான் தெருவுக்குக் கொடுக்க ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தோன்றியது. அந்தச் சமயத்தில் கோபம் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

வளர்த்துப் பார்த்தார்கள்

கோழி பிழைத்த கொஞ்ச நாளில் நைனாவின் கால் மறுபடி வீங்கியது. எனக்குச் சொல்லவில்லை. தெருவில் யார் வீட்டிலோ மீந்திருந்த மாத்திரையை வாங்கிப் போட்டிருக்கிறார். நான் எடுத்துவந்த டப்பாவுக்குப் பதிலாக இன்னொரு டப்பா அதற்குள் பாதி நிறைந்திருந்தது. வீக்கம் சற்று வடிந்ததும் அதையும் நிறுத்தியிருக்கிறார். மூன்றாவது முறை வீங்கியபோது குளிர்காய்ச்சல் கண்டு உடம்பு தூக்கிப் போட, கோதண்டம் மாமாதான் எனக்குப் போன் செய்தார். போய்ப் பார்த்தால் சுண்டுவிரல் கறுத்திருந்தது. கட்டைப் பிரித்தபோது வந்த வாடையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு பெண் டாக்டர். என் மகள் வயது இருக்கும். இதுவரை என்னென்ன ஆன்டிபயாடிக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். மருந்தாளுநரான நான் நைனாவைப் பார்த்தேன். நைனா, “சேப்பு ஒண்ணு, ஊதா ஒண்ணும்மா” என்றார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

சீழை எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். கிருமியை வளர்த்து, அதன்மேல் ஒவ்வொரு மருந்தாக வைத்து, எது கொல்கிறது எது கொல்லவில்லை என்று பார்க்கும் சோதனை அது. முடிவு வந்தபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் கடையில் தினமும் எடுத்துக் கொடுக்கிற மருந்துகள் ஒன்றுவிடாமல் அதில் இருந்தன. ஒன்றுக்கும் அந்தக் கிருமி மசியவில்லை. கடைசியில் மசிந்தது ஓரிரண்டு மருந்துகள்தான்.

“இது கேட்டா பாதம் தப்பிக்கும். கேக்கலன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்கிற மாதிரி ஆயிடும். விரலை இப்பவே எடுத்துடணும்” என்றார்.

வார்டுக்குத் திரும்பினேன். நைனா கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரரின் கொல்லையில் என்ன பயிர் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

“கால எடுத்துடுவாங்களா பாப்பா?”

அதுவரை அவர் பயந்து நான் பார்த்ததில்லை. அம்மா செத்தபோதுகூட வந்தவர்களுக்கு டீ போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தவர். எனக்கு அவரைத் திட்டவும் வேண்டும், கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யாமல், மாத்திரை, ஊசி எல்லாம் சொன்னபடி போட்டுக்கொண்டால் எடுக்க மாட்டார்கள் என்றேன். சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் ஏற்கெனவே பார்த்தவள்.

விரலை எடுத்தார்கள். ஊசி ஏறியது. காய்ச்சல் இறங்கியது. பாதம் மெல்ல நிறம் திரும்பியது. அப்போதுதான் எனக்குச் சோறு இறங்கியது. நைனாவுக்கு அதற்கு முன்பே இறங்கிவிட்டது. ஒரு நாள் நர்ஸிடம் மருந்து பாட்டிலின் அடியில் மீந்ததைக் காட்டி, அதைப் பக்கத்துக் கட்டில்காரருக்குப் போட்டுவிடலாமே என்று கேட்டாராம். நர்ஸ் என்னிடம் வந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அமாவாசைக் கூட்டம்

மீதி மருந்தை மாத்திரையாகக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊருக்குப் போகிறேன் என்றார். பேச்சுக்கே இடமில்லை என்று செஞ்சியில் என் வீட்டில் வைத்துக்கொண்டேன். மாடியில் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். அங்கிருந்து கோட்டை மலையான ராஜகிரி முழுசாகத் தெரியும். வெளியூர்க்காரர்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மலை, நைனாவுக்கு மழை மேகம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்க மட்டும் உதவியது.

மாத்திரை அட்டை என் கைப்பையில் இருந்தது. அவர் கையில் கொடுப்பதில்லை. ஒவ்வொரு வேளையும் நானே பிரித்து, உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் கொடுத்து, விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். நாக்கைத் தூக்கு என்பேன். தூக்குவார். நான் போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவள் என்று அவர் என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார்.

இதற்கு நடுவில் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி, கடை, வீடு என்று அலைந்த அலைச்சல். இருமும்போதெல்லாம் நைனா தலையைத் திருப்பிப் பார்ப்பார்.

கோர்ஸ் முடிகிற நாள் அமாவாசையாகப் போனது. அமாவாசை என்றால் செஞ்சி பஸ் நிலையம் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் முழுக்க எங்கள் கடை வாசல் வழியாகத்தான் ஸ்பெஷல் பஸ்ஸுக்குப் போகும். குழந்தைக்கு வாந்தி, கிழவிக்குத் தலைசுற்றல், ஆளுக்கொரு செட்டு. மதியம் வீட்டுக்குப் போக முடியாது என்று தெரிந்ததால், காலையில் கிளம்பும்போது கடைசி மாத்திரையைப் பிரித்து நைனாவின் கையில் வைத்தேன். சோறு தின்றதும் போட்டுக்கொள்ள வேண்டும், இது கடைசி, இத்தோடு விட்டது தொல்லை என்றேன். தலையாட்டினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கூட்டத்தின் நினைப்பில் ஓடிவிட்டேன்.

பொழுது சாயும்போதுதான் வீடு திரும்பினேன். தொண்டை கட்டிப்போய், படி ஏறும்போதே இருமல். நைனா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விரல் போன பாதத்தை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்திருந்தார். என் இருமல் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, “வா, இப்டி ஒக்காரு” என்றார்.

பிறகு சட்டைப் பையில் கையை விட்டார்.

செய்தித்தாள் துண்டு. நாலாக மடித்தது. அதை அவர் வெளியே எடுத்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பிரித்து என் முன்னால் நீட்டினார். நடுவில் அந்த வெள்ளை மாத்திரை இருந்தது. வியர்வையில் கொஞ்சம் இளகி, மேலே மங்கலாக அச்சு எழுத்து ஒட்டியிருந்தது.

“உனக்குன்னுதான் எடுத்து வச்சேன். எம்மா நாளா இருமிக்கினே கெடக்குற. நல்ல மாத்திரை பாப்பா. என் காலயே காப்பாத்துச்சி.”

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு விரலைக் கொடுத்தும் புத்தி வரவில்லையே என்று கத்த வாயெடுத்தேன். கத்தியிருந்தால் தெரு கூடியிருக்கும். ஆனால் அந்தக் காகிதத்தைப் பார்க்கப் பார்க்கக் கோபம் எங்கேயோ நழுவிப்போய்விட்டது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்த நசுங்கின போண்டாக்களை எல்லாம் நான் எவ்வளவு வேண்டா வெறுப்பாகத் தின்றேன் என்று நினைத்துக்கொண்டேன். இந்த மனுஷனை நான் எந்த மருந்தைக் கொண்டு திருத்துவது?

“நைனா, இது பண்டம் இல்ல. பங்கு போட்டா ரெண்டு பேருக்கும் ஆவாது” என்றேன்.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவருக்கு அரை மனசுதான். என் முகத்தைப் பார்த்துவிட்டு மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினார். நான் கேட்காமலேயே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். ஒன்றும் இல்லை.

காலிக் காகிதத்தை மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப உனக்கு?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.